பெட்டகத்துக்குப் போய்வந்த பத்திரம்

செங்குன்றம் தாண்டி 600 சதுர அடியில் ஒரு மனை. விலை 9 லட்சம். வாங்கும் குடும்பத்தில் கணவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார், மனைவி இட்லி மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு விற்கிறார். இப்படி ஒரு குடும்பத்தைக் கற்பனைதான் செய்துகொள்கிறேன். ஆனால் சென்னையைச் சுற்றி எந்தப் பக்கம் பேருந்தேறி இறங்கினாலும் இவர்களைப் பார்க்கலாம். நாம் பின்தொடரப்போவது இவர்களை அல்ல, இவர்கள் கைக்கு வரப்போகும் ஒரு கிரயப் பத்திரத்தை. சார்பதிவாளர் அலுவலகத்தில் பிறந்து, வங்கியின் பெட்டகத்தில் பதினேழு வருஷம் கிடந்து, அதன் பிறகு வீடு திரும்பும் ஒரு காகிதக் கட்டு. ஏழைக் குடும்பத்துக்கு வங்கி என்ன செய்ய முடியும், எங்கே கைவிடுகிறது என்பதெல்லாம் அந்தக் கட்டு போகிற பாதையிலேயே தெரிந்துவிடும்.

பிறப்பு ஒன்றும் விமரிசையாக நடப்பதில்லை. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் ஆவண எழுத்தர் கடையில் கணினியில் பழைய பத்திரம் ஒன்றைத் திறந்து பெயர்களை மாற்றுகிறார்கள். விற்பவர், வாங்குபவர், தகப்பனார் பெயர், ஆதார் எண். பிறகு அந்தப் பழைய வாசகங்கள்: இன்று முதல் தாங்களே மேற்படி சொத்தைச் சர்வ சுதந்திர பாத்தியங்களுடன் புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டனுபவித்துக்கொள்ள வேண்டியது, இதில் யாதொரு வில்லங்கமும் இல்லை. கடைசியில் சொத்து விவரம். சர்வே எண், உட்பிரிவு, நான்கு எல்லை. வடக்கில் 20 அடி ரோடு, தெற்கில் இன்னார் மனை, கிழக்கில் இன்னார் மனை, மேற்கில் காலி இடம். இந்த நாலு வரியில் ஒரு எண் பிசகினால் பிற்பாடு பிழைத்திருத்தல் பத்திரம் போட வேண்டியிருக்கும். அதற்குள் விற்றவர் எந்த ஊரில் இருப்பாரோ, உயிரோடு இருப்பாரோ, யார் கண்டது? முதல் பிரதியைக் கையில் கொடுத்து ‘ஒருதரம் படிச்சுப் பாத்துக்கோங்க’ என்பார்கள். டோக்கன் நேரம் நெருங்கிவிட்டது என்ற பதற்றத்தில் யாரும் படிப்பதில்லை.

செலவுக் கணக்கு இப்படி. தமிழ்நாட்டில் முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 9 லட்சத்துக்கு 81,000 ரூபாய். 10 லட்சத்துக்கு மேற்படாத சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும் என்ற சலுகை 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஆகவே பத்திரம் மனைவி பெயரில் எழுதப்படுகிறது. மிச்சம் 9,000, கட்ட வேண்டியது 72,000. அந்த ஒன்பதாயிரத்துக்காக மட்டும் இல்லை. பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தின் வட்டி மானியத்துக்குப் போனாலும் குடும்பத்துப் பெண்ணின் பெயர் பத்திரத்தில் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். ஆட்டோக்காரருக்கு இதில் லேசான மனத்தாங்கல் இருந்தால் அதையும் புரிந்துகொள்ளலாம்.

இந்த 72,000 ரூபாயை வங்கி கொடுக்காது. வீட்டின் மதிப்பில் எத்தனை சதவீதம் கடன் தரலாம் என்பதற்கு ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் அளவு, 30 லட்சம் வரையிலான கடனுக்கு 90 சதவீதம். மீதி 10 சதவீதம் கைப்பணம். அந்த மதிப்பில் முத்திரைத்தீர்வையையும் பதிவுச் செலவையும் சேர்க்கக் கூடாது என்பது விதி. 2015-ல் இதற்கு ஒரு விலக்கு கொடுத்தார்கள். வீட்டின் விலை 10 லட்சத்துக்கு மேற்படாவிட்டால் பதிவுச் செலவையும் மதிப்போடு சேர்த்துக்கொள்ளலாம். நல்ல யோசனைதான். ஆனால் சென்னையைச் சுற்றி 10 லட்சத்துக்குக் கட்டிமுடித்த வீடு எங்கே கிடைக்கிறது? விலைவாசி ஓடிய ஓட்டத்துக்கு அந்த வரம்பு நகரவில்லை. ஏழைக் குடும்பம் தடுக்கி விழும் முதல் படி மாதத் தவணை அல்ல, இந்த முன்பணம். சீட்டு எடுத்து, நகையை அடகு வைத்து, அக்கா வீட்டில் கைமாற்று வாங்கித்தான் அந்தப் படியைத் தாண்டுகிறார்கள். வீட்டுக்கடன் தொடங்குவதற்கு முன்பே வீட்டுக்கான கடன் தொடங்கிவிடுகிறது.

சார்பதிவாளர் முன்னால் கைரேகை, புகைப்படம், கருவிழிப் பதிவு எல்லாம் முடிந்து, ஆவண எண்ணும் ஆண்டும் குத்தப்பட்டு, பக்கத்துக்குப் பக்கம் முத்திரை விழுந்து, பத்திரம் கைக்கு வருகிறது. பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு, பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துவிட்டு, அடுத்த மாதம் வீடு கட்டக் கடன் கேட்டு வங்கிக்குப் போகிறார்கள்.

வங்கி மேலாளர் கேட்கும் முதல் கேள்வி இந்தப் பத்திரத்தைப் பற்றியதே இல்லை. ‘தாய்ப்பத்திரம் இருக்கா?’

பத்திரம் தனியாக நின்றால் மதிப்பில்லை. விற்றவருக்கு அந்த இடம் எப்படி வந்தது, அவருக்கு விற்றவருக்கு எப்படி வந்தது என்று பின்னால் போய்க்கொண்டே இருக்க வேண்டும். வங்கியின் பேனல் வக்கீல் சாதாரணமாக 30 வருஷத்து வில்லங்கச் சான்று கேட்பார். அதில் வரிசையாக விற்பனை, பாகப்பிரிவினை, தானசெட்டில்மென்ட், அடமானம், ரத்து. இடையில் ஒரு கண்ணி விட்டுப்போயிருக்கும். பெரியவர் ஒருவர் 1990-களில் இறந்திருப்பார், மூன்று மகன்கள் கையெழுத்துப் போட்டு விற்றிருப்பார்கள், கட்டிக்கொடுத்த மகள் கையெழுத்து இருக்காது. வாரிசுச் சான்றில் மகள் பெயர் இருக்கும். வக்கீல் சிவப்பு மையில் ஒரு வட்டம் போடுவார். ‘அந்தம்மாகிட்ட ஒரு விடுதலைப் பத்திரம் வாங்கிட்டு வாங்க.’ அந்தம்மா இருக்கும் ஊர் தெரியாது. தெரிந்தாலும், சும்மா கையெழுத்துப் போட அவர் என்ன ஏமாந்தவரா?

இதைவிடப் பரவலான தடை வேறொன்று. மனை அங்கீகாரம் இல்லாதது. தொண்ணூறுகளிலும் இரண்டாயிரங்களிலும் வயலைத் துண்டு போட்டு, சுண்ணாம்புக்கோடும் கல்லும் நட்டு, ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்ற சொல்லை நம்பவைத்து விற்ற மனைகள் தமிழ்நாடு முழுக்கக் கிடக்கின்றன. விலை குறைவு, தவணைமுறை உண்டு, அதனால் வாங்கியவர்களில் பெரும்பாலோர் குறைந்த வருமானக்காரர்கள். 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்டது. அடுத்த வருஷம் அரசு வரன்முறை விதிகளைக் கொண்டுவந்து, 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற மனைகளைக் கட்டணம் கட்டி முறைப்படுத்திக்கொள்ள வழி செய்தது. அப்படி முறைப்படுத்தாத மனையின் பத்திரத்தை எடுத்துக்கொண்டு அரசு வங்கிக்குப் போனால் டீ குடித்துவிட்டுத் திரும்பலாம், அவ்வளவுதான். பத்திரம் சட்டப்படி செல்லும். உரிமையும் இவர்களுடையதுதான். ஆனால் கடனுக்கு ஆகாது.

வங்கி ஏழைகளுக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. வக்கீல் கருத்து எப்போது கிடைக்கிறது பாருங்கள். பணம் முழுக்கக் கொடுத்துப் பதிவு முடிந்த பிறகு! அடுக்குமாடி வாங்குகிறவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. பெரிய கட்டுமான நிறுவனத்தின் திட்டத்தை வங்கிகள் முன்கூட்டியே அலசி ‘அப்ரூவ்டு ப்ராஜெக்ட்’ பட்டியலில் சேர்த்துவிடும், வாங்குபவர் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடலாம். 600 சதுர அடி மனைக்கு அப்படி எந்தப் பட்டியலும் கிடையாது. தரகர் சொல்வதே வேதம். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் ஒரு குடும்பம் கிளைக்குப் போய், ‘இந்தக் காகிதத்தைப் பாருங்கள், கடன் பிறகு கேட்கிறோம்’ என்று சொல்லிச் சில ஆயிரம் ரூபாய் கட்டணத்தில் வக்கீலின் கருத்தை வாங்க முடிந்தால், எத்தனை வாழ்நாள் சேமிப்பு தப்பிக்கும்! வங்கிக்கு வக்கீல் பேனல் ஏற்கெனவே இருக்கிறது. வில்லங்கச் சான்றை இணையத்திலேயே எடுக்கலாம். புதிதாகச் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, வரிசையைத் திருப்பிப் போட வேண்டும், அவ்வளவே.

பிறக்கவே முடியாமல் நின்றுவிட்ட பத்திரங்களும் உண்டு. 1977-ல் உலக வங்கிக் கடனில் சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டம் தொடங்கி, அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் தெருவும் குழாயும் சாக்கடையும் போட்ட மனைகளை ஏழைகளுக்கும் எட்டும் அளவில் பிரித்துக் கொடுத்தார்கள். வீட்டை அவரவர் சக்திக்கு அவரவரே கட்டிக்கொள்ள வேண்டும். பெரிய மனைகளையும் வணிக மனைகளையும் அதிக விலைக்கு விற்று, அதில் வந்த லாபத்தில் சின்ன மனைகளின் விலையைக் குறைத்தார்கள். இன்று அந்தத் தெருக்களில் நடந்தால் ஏழைகளுக்கென்று ஒதுக்கிய இடம் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். கூரைக் கொட்டகையாகத் தொடங்கியது இரண்டு மாடி, மூன்று மாடி ஆகியிருக்கிறது. இதுவும் ஒருவகை வீட்டுக்கடன்தான், நிலத்தைக் கொடுத்துப் பணத்தைத் தவணையில் வாங்கிக்கொள்ளும் கடன். ஆனால் கடைசித் தவணை கட்டினால்தான் கிரயப் பத்திரம். அதுவரை கையில் இருப்பது ஒதுக்கீட்டு ஆணை. அந்நாளைய குடிசை மாற்று வாரியக் குடியிருப்புகளிலும் இதே கதைதான். கட்டியவர் இறந்து, பிள்ளைகள் பிரிந்து, ரசீதுகள் தொலைந்து, ஒதுக்கீட்டு ஆணையோடு தலைமுறையே மாறிவிட்ட வீடுகள் நிறைய. ஒதுக்கீட்டு ஆணையைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டி வங்கிகள் பெரும்பாலும் கடன் கொடுப்பதில்லை.

நம் பத்திரம் இந்தக் கண்டங்களையெல்லாம் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தாய்ப்பத்திரம் சரி, பட்டா சரி, வரன்முறை ஆணையும் இருக்கிறது. இப்போது அடுத்த கேள்வி: வருமானம்?

சம்பளச் சீட்டு இல்லை. வருமான வரி கட்டியதில்லை. இந்தியாவில் வீட்டுக்கடன் என்பதே நெடுங்காலம் சம்பளக்காரர்களின் பண்டம். அரசு ஊழியருக்கு வீடு கட்ட முன்பணம் உண்டு, கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்கள் இருந்தன, எல்.ஐ.சி. கொஞ்சம் கொடுத்தது. ஹஸ்முக் பாரேக் 1977-ல் எச்.டி.எஃப்.சி.யைத் தொடங்கிய பிறகுதான் ஓய்வுபெறும் வரை காத்திருக்காமல் நடுவயதில் வீடு வாங்கலாம் என்ற எண்ணமே நடுத்தர வர்க்கத்துக்கு வந்தது. தேசிய வீட்டுவசதி வங்கி 1988-ல் வந்தது. இவையெல்லாம் மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குகிறவரை மனதில் வைத்து வளர்ந்தவை.

சம்பளச் சீட்டு இல்லாதவரைப் பார்க்கக் கற்றுக்கொண்ட நிறுவனங்களில் ஒன்று சென்னையில்தான் முளைத்தது. பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் தாயகம் திரும்பியவர்களின் மறுவாழ்வுக்காக 1969-ல் தொடங்கப்பட்டது ரெப்கோ வங்கி. கப்பலில் வந்து இறங்கியவர்களிடம் என்ன வருமானச் சான்று இருந்திருக்கும்? அந்த வங்கி 2000-ல் தொடங்கிய ரெப்கோ ஹோம் ஃபைனான்ஸ் கடைக்காரர்கள், சுயதொழில் செய்வோர் பக்கம் அதிகம் சாய்ந்தது. பிறகு சென்னையிலிருந்தே ஆப்டஸ் போல இன்னும் சில நிறுவனங்கள் வந்தன.

இவர்களின் களப்பணியாளர் வேலை செய்யும் விதம் சுவையானது. மாவுக் கடைக்கு விடியற்காலையில் வருகிறார். கிரைண்டர் எத்தனை லிட்டர், ஒரு நாளைக்கு எத்தனை ஈடு, ஒரு ஈட்டுக்கு எத்தனை கிலோ அரிசி என்று கேட்கிறார். கரன்ட் பில்லை வாங்கிப் பார்க்கிறார். தினமும் ஆறு ஈடு என்று சொன்னவருக்கு இரண்டு ஈட்டுக்கான யூனிட்தான் ஓடியிருந்தால் அங்கேயே குட்டு உடைந்துவிடும். அரிசி மண்டியில் இவருக்கு எழுதும் கணக்கு நோட்டைப் பார்க்கிறார். பாக்கெட் கவர் எத்தனை கட்டு வாங்குகிறார்கள் என்று கேட்கிறார். கடை வாசலில் ‘ரூபாய் நாற்பது பெறப்பட்டது’ என்று கத்திக்கொண்டிருக்கும் ஸ்பீக்கர் பெட்டி இப்போது பெரிய சாட்சி. அந்தக் கணக்கின் ஆறு மாத வரவை எடுத்தால் பாதி வருமானம் நிரூபணமாகிவிடுகிறது. கடைசியில் பக்கத்து வீட்டுக்காரரிடம் தண்ணீர் வாங்கிக் குடிக்கிற சாக்கில் இரண்டு வார்த்தை விசாரிக்கிறார். இதெல்லாம் எழுதி முடித்தால் மாதம் இவ்வளவு மிஞ்சும் என்று ஒரு தொகை வருகிறது. ஆடிட்டர் தயாரித்துத் தரும் தாளைவிட அதுவே நம்பகமானது என்று சொல்வேன்.

ஆனால் அந்த உழைப்புக்கு விலை உண்டு, அது வட்டியில் ஏறுகிறது. பெரிய வங்கியில் எட்டரை சதவீதத்தில் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால் அதே கடன் இங்கே 14-க்கோ அதற்கு மேலோ போகும். 10 லட்சம், 20 வருஷம். எட்டரை சதவீதத்தில் மாதத் தவணை 8,678 ரூபாய். 14 சதவீதத்தில் 12,435. இருபது வருஷ முடிவில் முதலாமவர் கட்டியது கிட்டத்தட்ட 20 லட்சத்து 83 ஆயிரம், இரண்டாமவர் 29 லட்சத்து 84 ஆயிரம். ஒரே அளவு வீடு, ஒரே அளவு செங்கல். சம்பளச் சீட்டு இல்லாததற்கு 9 லட்ச ரூபாய் அபராதம்.

மானியம் இதை ஈடுகட்டுமா? 2024 செப்டம்பரில் தொடங்கிய பிரதமர் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், ஆண்டு வருமானம் 9 லட்சம் வரை உள்ள, சொந்தமாக வேறு பக்கா வீடு இல்லாத குடும்பங்களுக்கு வட்டி மானியம் உண்டு. வீட்டின் மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். கடனின் முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீதம். ஐந்து ஆண்டுத் தவணைகளில் அதிகபட்சம் 1 லட்சத்து 80 ஆயிரம் வரும். கையில் வருகிற பணத்தை வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் 9 லட்சம் அபராதத்தின் முன்னால் அது எம்மாத்திரம். அரசு வருஷாவருஷம் மானியத்துக்கு ஒதுக்குவதைவிட, அந்த ஐந்தரை சதவீத இடைவெளியைக் குறைப்பது பயனுள்ள வேலை.

அதற்கும் ஒரு வழி ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. 2020 நவம்பரில் ரிசர்வ் வங்கி கூட்டுக்கடன் முறையை அறிவித்தது. களத்துக்குப் போய் ஆளைப் பார்க்கும் வேலையைச் சின்ன நிறுவனம் செய்யும், பணத்தில் 80 சதவீதம் வரை வங்கி போடும், 20 சதவீதமாவது அந்த நிறுவனம் தன் கைக்காசைப் போட வேண்டும் என்பது அப்போதைய விதி. வங்கியின் பங்கு 9 சதவீதத்திலும் நிறுவனத்தின் பங்கு 14 சதவீதத்திலும் இருந்தால் இரண்டும் கலந்து குடும்பத்துக்கு 10 சதவீதம் வரும். தவணை 9,650. கேட்கவே நன்றாக இருக்கிறது இல்லையா? காகிதத்தில் இருக்கும் இந்தக் கணக்கு கிளை மேலாளரின் மேசைக்கு வருவதற்குள் மெலிந்துவிடுகிறது. கடன் வாராமல் போனால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அந்த பயத்தைக் குறைக்கத்தான் குறைந்த வருமான வீட்டுக்கடன்களுக்கு உத்தரவாத நிதியை அரசு 2012-ல் தொடங்கியது. அதை 1,000 கோடியிலிருந்து 3,000 கோடியாக உயர்த்த, பிரதமர் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தோடு ஒப்புதல் கிடைத்திருக்கிறது.

கடன் சாங்ஷன் ஆகிவிட்டது. பத்திரம் வீட்டை விட்டுக் கிளம்பும் நாள்.

பத்திரத்தைக் கையில் கொடுத்தாலே அடமானம் என்பது சாதாரண விஷயமாகத் தோன்றலாம். அப்படி இல்லை. 1783-ல் இங்கிலாந்தில் ஒரு வழக்கில் ஒப்புக்கொள்ளப்பட்ட வழக்கம் இது. எழுத்தில் எதுவும் இல்லாமல், கடனுக்கு ஈடாகப் பத்திரத்தை ஒப்படைத்தாலே போதும். இந்தியாவில் 1882-ன் சொத்து மாற்றுச் சட்டம் இந்த வசதியைக் கல்கத்தா, பம்பாய், மதராஸ் போன்ற வணிக நகரங்களுக்கு மட்டும் கொடுத்தது. அவசரத்துக்குப் பணம் வேண்டிய வியாபாரி பதிவு அலுவலகத்துக்கு அலையக் கூடாது என்பது நோக்கம். இதில் ஒரு வேடிக்கை, சொத்து அந்த நகரத்தில் இருக்க வேண்டியதில்லை. ஒப்படைப்பது அங்கே நடந்தால் போதும். தஞ்சாவூர் நிலத்தின் பத்திரத்தை மதராசுக்கு எடுத்துவந்து கொடுத்தாலும் அடமானம் செல்லும். பிற ஊர்களை அரசு அறிவிக்கை மூலம் ஒவ்வொன்றாகப் பின்னால் சேர்த்தார்கள். பெரிய வியாபாரிகளின் வசதிக்காகப் பிறந்த சட்டப்பிரிவில்தான் இன்று மாவுக்கடை அம்மாவின் பத்திரமும் போய் உட்காருகிறது.

சட்டத்தின் நுணுக்கம் இன்னும் ஒன்று உண்டு. அடமானத்தை உண்டாக்குவது காகிதம் அல்ல, கொடுக்கும் செயல். ஆகவே அந்த அம்மாள் மேலாளர் அறைக்குப் போய்த் தன் கையால் பத்திரத்தைக் கொடுக்க வேண்டும். பிறகு எழுதும் குறிப்பாணையில் ‘ஒப்படைக்கிறேன்’ என்று இருக்காது, ‘ஒப்படைத்தேன்’ என்றுதான் இருக்கும், நடந்து முடிந்ததைப் பதிவு செய்கிற மாதிரி. தமிழ்நாட்டில் 2012-க்குப் பிறகு இந்தக் குறிப்பாணையையும் பதிவு செய்ய வேண்டும் என்றாகிவிட்டதால், பதிவு அலுவலகத்தைத் தவிர்க்கப் பிறந்த முறை மறுபடி அங்கேயே போய் நிற்கிறது. கடன் தொகையில் அரை சதவீதம் முத்திரைத்தீர்வை, மேற்கொண்டு பதிவுக் கட்டணம், எழுத்தருக்குக் கூலி. இந்தச் செலவையும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ப்ராசசிங் ஃபீஸ், லீகல் ஃபீஸ், இன்ஜினியர் ஃபீஸ், கூடவே கடனோடு சேர்த்து எழுதிவிடும் ஆயுள் காப்பீட்டு பிரீமியம். கடன்தாரர் இறந்தால் வீடு குடும்பத்துக்கு மிஞ்ச வேண்டும் என்பதால் காப்பீடு நல்லதுதான். ஆனால் அது கட்டாயம் என்று நம்பவைத்து, மொத்த பிரீமியத்தையும் கடனில் ஏற்றி, அதற்கும் இருபது வருஷம் வட்டி வாங்குவது நல்லது இல்லை.

பத்திரம் பெட்டகத்துக்குள் போகிறது. பெரும்பாலும் அந்தக் கிளையில் கூட இருக்காது. சீல் வைத்த கவரில், பார்கோடு ஒட்டி, மையக் காப்பகத்துக்குப் போய்விடும். அதன் விவரம் 2011-ல் தொடங்கிய மத்தியப் பதிவேட்டில் ஏறுகிறது, ஒரே சொத்தைக் காட்டி இரண்டு வங்கியில் கடன் வாங்குவதைத் தடுக்க. வெளியே, அதன் பெயரால் வீடு எழும்புகிறது. பேஸ்மென்ட் வந்ததும் ஒரு தொகை, லிண்டல் மட்டம் வந்ததும் ஒரு தொகை, கான்கிரீட் போட்டதும் ஒன்று. இன்ஜினியர் வந்து படம் எடுத்துவிட்டுப் போனால்தான் அடுத்த தொகை விடுவிக்கப்படும். கம்பி விலை ஏறிய மாதம் அவர் வருவதற்கு ஒரு வாரம் தாமதமானால் மேஸ்திரி வேறு வேலைக்குப் போய்விடுவார். இதெல்லாம் திட்ட அறிக்கைகளில் வராத சங்கதிகள்.

வருமானம் தினப்படி, தவணை மாதப்படி. பொருத்தமின்மை அங்கேதான். 5-ஆம் தேதி கணக்கில் 300 ரூபாய் குறைந்தாலும் தவணை திரும்பிவிடும். கணக்கு வைத்திருக்கும் வங்கி ஒரு அபராதம், கடன் கொடுத்த நிறுவனம் ஒரு அபராதம். மழைக்காலத்தில் பத்து நாள் ஆட்டோ ஓடாவிட்டால் ஆளே சாய்ந்துவிடுவார். கடன் கொடுக்கும்போதே இரண்டு மூன்று தவணைக்கான தொகையைத் தொடர்வைப்பாகச் சேர்க்கச் சொல்லித் தனியே வைத்தால், அல்லது தினமும் கணக்கில் விழும் பணத்திலிருந்து 350 ரூபாயாக எடுத்துக்கொண்டால், பாதிச் சிக்கல் தீரும். நம் ஊர் தினச்சீட்டுக்காரருக்குத் தெரிந்த வித்தை இது. சீட்டு விழுந்தோ, பழைய நகை விற்றோ மொத்தமாக ஒரு தொகை வந்தால் அதை அசலில் கட்டிவிடுவது மிகப் புத்திசாலித்தனம். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக்கடனுக்கு முன்கூட்டிக் கட்டினால் அபராதம் கிடையாது என்று வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி 2012-லேயே உத்தரவு போட்டுவிட்டது. இதைக் கவுன்டரில் யாரும் வலியச் சொல்வதில்லை.

தவணை 90 நாள் தவறினால் கணக்கு வாராக்கடன். பிறகு 2002-ன் சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் அவகாசத்தில் கோரிக்கை அறிவிப்பு. அதுவும் போனால் சுவாதீன அறிவிப்பு. அதை இரண்டு நாளிதழ்களில், ஒன்று உள்ளூர் மொழியில், வெளியிட வேண்டும் என்பது விதி. தமிழ் நாளிதழ்களின் உட்பக்கங்களில் பொடி எழுத்தில் அவை வருவதைப் பார்த்திருப்பீர்கள். கடன்தாரர் பெயர், ஜாமீன்தாரர் பெயர், நிலுவைத் தொகை, அசையாச் சொத்தின் விவரம். பெட்டகத்தில் கிடக்கும் பத்திரத்தின் கடைசிப் பக்கம் அப்போதுதான் ஊர் பார்க்க வெளியே வருகிறது: வடக்கில் 20 அடி ரோடு, தெற்கில் இன்னார் மனை. நிலுவைத் தொகைகளை ஒருநாள் உட்கார்ந்து வாசித்துப் பாருங்கள். கோடிகளுக்கு நடுவே 6 லட்சமும் 9 லட்சமும் இருக்கும். 60 நாள் அவகாசம் பணத்தைத் திரட்டக் கொடுத்தது மட்டும் இல்லை. அந்த நாட்களில் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவித்தால் வங்கி பதில் சொல்லியாக வேண்டும். வக்கீல் வைத்துக்கொள்ள முடியாதவருக்கு இந்த உரிமை இருப்பதே தெரியாது. முதல் தவணை தவறிய வாரத்தில் ஒருவர் வந்து ‘என்னாச்சு?’ என்று கேட்டுத் தவணையைத் திருத்தி அமைத்துக் கொடுப்பது, நாளிதழில் விளம்பரம் கொடுப்பதைவிட வங்கிக்கே மலிவு.

நம் குடும்பம் தப்பித்துவிட்டது. இருபது வருஷக் கடனைப் பதினேழில் முடித்தார்கள் என்று எடுத்துக்கொள்வோம். இனிப் பத்திரம் திரும்ப வேண்டும்.

கடன் முடிந்தும் பத்திரத்துக்காக மாதக்கணக்கில் நடந்தவர்கள் இல்லாத தெரு கிடையாது. ‘ஹெட் ஆபீஸ்லேருந்து வரணும்.’ ‘காப்பகம் மாத்திட்டாங்க.’ ‘அந்த மேனேஜர் ட்ரான்ஸ்ஃபர்.’ 2023 செப்டம்பர் 13-ல் ரிசர்வ் வங்கி இதற்கு முடிவு கட்ட ஓர் உத்தரவு போட்டது. கடன் முழுதும் தீர்ந்த 30 நாளுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும், பதிவேட்டில் உள்ள அடமானத்தை நீக்க வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய் கடன்தாரருக்கு. ஆவணம் தொலைந்துபோனால் நகல் எடுக்க உதவி செய்து செலவையும் வங்கியே ஏற்க வேண்டும், அதற்குக் கூடுதலாக 30 நாள் அவகாசம். கடன்தாரர் இறந்திருந்தால் வாரிசுகளிடம் ஒப்படைக்கும் முறையை முன்கூட்டியே வெளியிட்டிருக்க வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறை. ஏழை வாடிக்கையாளருக்குச் சாதகமாகச் சமீபத்தில் வந்த விதிகளில் இதற்கு இணையாக ஒன்றைச் சொல்லத் தெரியவில்லை எனக்கு. காரணம் எளிது. விதியில் ஒரு தொகை எழுதியிருக்கிறது. ‘விரைவாக’, ‘இயன்றவரை’ என்ற சொற்களை வைத்துக்கொண்டு கவுன்டரில் வாதாட முடியாது. 5,000 என்ற எண்ணை வைத்துக்கொண்டு முடியும்.

வாங்கும்போது கவரை அங்கேயே பிரித்து, கொடுத்த நாளில் எழுதிய பட்டியலோடு ஒவ்வொரு தாளாக ஒப்பிட வேண்டும். கிரயப் பத்திரம், தாய்ப்பத்திரம், அதற்கு முந்தைய பத்திரத்தின் நகல், பட்டா, வரன்முறை ஆணை, கட்டட அனுமதி வரைபடம். தாய்ப்பத்திரம்தான் பெரும்பாலும் விடுபடும். அடுத்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் ரசீது ஆவணம் பதிந்து பழைய அடமானத்தை ரத்து செய்ய வேண்டும். இதைச் செய்யாமல் பத்திரத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறவர்கள் அதிகம். வில்லங்கச் சான்றில் அடமானம் அப்படியே நிற்கும்.

நிற்பது ஏன் முக்கியம் என்றால், பத்திரம் வீட்டில் அதிக நாள் தங்கப்போவதில்லை. மகளுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. மாவுக்கடைக்குக் குளிர்பெட்டி வேண்டும். முன்பு இப்படித் தேவை வந்தால் தண்டல்காரரிடமோ மீட்டர் வட்டிக்காரரிடமோதான் போக வேண்டும். இப்போது ஈடாக வைக்க ஒன்று இருக்கிறது. இந்தத் தடவை வேறொரு வங்கி, பேனலில் வேறொரு வக்கீல். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வில்லங்கச் சான்றின் முதல் வரியிலிருந்து தொடங்குகிறார். பழைய வங்கியின் அடமானம், அதற்கு நேரே ரசீது ஆவணத்தின் எண். சரி. பதினேழு வருஷத் தவணை வரலாறு சிபிலில் இருக்கிறது. அதுவும் சரி. கடன் கேட்பவரின் தொழில் என்ற கட்டத்தில் ‘மாவு வியாபாரம்’ என்று இருக்க, இந்தத் தடவை யாரும் கிரைண்டர் எத்தனை லிட்டர் என்று கேட்கவில்லை.